எட்னா எரிமலையும் ஒயினரிச் சாப்பாடும் ஒரே நாளில்: தனிக் கார் டூர் ஏற்பாடு செய்வது எப்படி?

இத்தாலியின் சிசிலித் தீவில் கத்தானியா விமான நிலையத்தில் இறங்கினால் எட்னா எரிமலை கண்ணெதிரே நிற்கும். காலையில் மலை, மதியம் அதே மலைச் சரிவில் உள்ள ஒரு ஒயினரியில் (ஒயின் தயாரிக்கும் இடம்) சாப்பாடும் டேஸ்டிங்கும் (ஒயின்களைச் சுவைத்துப் பார்ப்பது), இருட்டுவதற்குள் ஓட்டல் என்று ஒருநாள் டூர்களை அங்கே நிறையப் பேர் விற்கிறார்கள். கேட்க எளிதாக இருக்கிறது. நாங்கள் போனது நான்கு பேர். அதில் ஒருவர் சுத்த சைவம், இன்னொருவர் மதுவைத் தொடாதவர். ஏற்பாடு செய்து முடிப்பதற்குள் மெயில் போட்டே ஓய்ந்துபோனோம். ஆளுக்கொரு விலை சொன்னார்கள். அந்த விலையில் எது அடக்கம், எது தனி என்பதை நாமாகக் கேட்டால்தான் சொன்னார்கள். நீங்கள் அந்த மெயில்களை எழுதாமல் தப்பிக்கத்தான் இது.

அவசரத்தில் இருப்பவர்கள் 3, 4, 6 ஆகிய மூன்றையும் மட்டுமாவது படித்துவிட்டு முன்பணம் கட்டுங்கள்.

1. விசா கைக்கு வரும்வரை பணம் திரும்பாத எதையும் வாங்காதீர்கள்

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு ஷெங்கன் விசா (இத்தாலி உட்பட ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான விசா) தேவை. ஜெர்மனி, பிரான்ஸ் போன்ற ஷெங்கன் நாடுகளில் வசிப்பு அனுமதியோடு இருப்பவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம்; அந்த அட்டையையும் கடவுச்சீட்டையும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள், போதும்.

மற்றவர்கள் கவனிக்க: பயணத்தில் அதிக நாள் எந்த நாட்டில் தங்குகிறீர்களோ அந்த நாட்டுக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும். பாரிஸில் ஐந்து நாள், சிசிலியில் மூன்று நாள் என்றால் பிரான்ஸ். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசிக் கெடு 15 நாள் முன்பு. கெடுவரை காத்திருப்பது வம்பு. கோடை விடுமுறைக் காலத்தில் அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதே பெரும்பாடு. கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயதுவரை 45 யூரோ, அதற்குக் கீழே இலவசம். விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் இதற்கு மேல். குறைந்தது 30,000 யூரோவுக்கான பயண மருத்துவக் காப்பீடு கட்டாயம். காப்பீடு வாங்கும்போது மலையேற்றத்துக்கு உயர வரம்பு ஏதும் போட்டிருக்கிறார்களா என்று விதிமுறைகளில் பாருங்கள். சில பாலிசிகளில் இருக்கும், நீங்கள் ஏறப்போவதோ 2,500 மீட்டருக்கு மேல்.

விசாவுக்கு டூர் பதிவு எதையும் காட்டத் தேவையில்லை. தங்குமிடமும் பயணத் திட்டமும் போதும். ஆகவே டூருக்கு அவசரப்பட்டுப் பணம் கட்டாதீர்கள்.

2. எந்த நாளில் வைப்பது

சிசிலியில் தங்கும் நாட்களில் முதல் பாதியிலேயே எட்னாவை முடித்துவிடுங்கள். காற்று பலமாக அடித்தால் கேபிள் கார் ஓடாது. மேகம் இறங்கினால் மேலே போயும் எதுவும் தெரியாது. முதல் பாதியில் வைத்திருந்தால் ஒருநாள் தள்ளிப்போட இடமிருக்கும். ஊருக்குத் திரும்புவதற்கு முந்தைய நாளில் வைத்தவர்களுக்கு அந்த வசதி இல்லை. போதாக்குறைக்கு, எட்னா சாம்பல் கக்கினால் கத்தானியா விமான நிலையத்தையே சில மணி நேரம் மூடுவது உண்டு. அடுத்த விமானத்துக்கு ஒரு மணி நேரம்தான் இடைவெளி என்கிற மாதிரி டிக்கெட் போடாதீர்கள்.

மே, ஜூன், செப்டம்பர், அக்டோபர் நல்ல மாதங்கள். எட்னாவில் திராட்சை அறுவடை தாமதம். செப்டம்பர் கடைசியில் தொடங்கி அக்டோபரில் நடக்கும். தோட்டம் பார்க்க அழகான காலம்தான், ஆனால் ஒயினரிக்காரர்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது, சிறிய இடங்கள் விருந்தினரையே எடுக்காமல் போகலாம். ஆகஸ்ட் 15 இத்தாலியில் பெரிய விடுமுறை. அந்த வாரம் வேண்டவே வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை மூடும் ஒயினரிகளும் உண்டு. நவம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை மலைச் சாலைகளில் பனி டயரோ சங்கிலியோ வைத்திருக்க வேண்டும் என்பது விதி. அது ஓட்டுநரின் கவலை, ஆனால் கேட்டு வைப்பது நல்லது.

3. மலையின் எந்தப் பக்கம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

விளம்பரப் பக்கங்களில் 'எட்னாவும் ஒயினும்' என்று ஒரே வரியில் போட்டுவிடுகிறார்கள். எட்னா ஒரு பிரம்மாண்டம். உயரம் 3,300 மீட்டருக்கு மேல். வெடிப்புக்கு வெடிப்பு கொஞ்சம் கூடும், குறையும். அடிவாரத்தைச் சுற்றி ஓடும் சின்ன ரயில் பாதை மட்டுமே நூறு கிலோமீட்டருக்கு மேல். மலையின் தெற்கில் ஏறிவிட்டு வடக்கில் சாப்பிடப் போவதென்றால், வளைந்து வளைந்து போகும் சாலையில் ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருக்க வேண்டும். எங்களுக்கு முதலில் வந்த திட்டம் அப்படித்தான் இருந்தது. வரைபடத்தை விரித்துப் பார்த்த பிறகுதான் புரிந்தது, அந்த நாளில் பெரும்பகுதி காருக்குள்ளேயே கழிந்திருக்கும்.

தெற்குப் பக்கம்: ரிஃபூஜோ சபியென்ஸா என்ற இடம், சுமார் 1,900 மீட்டர் உயரம். கத்தானியாவிலிருந்து ஒரு மணி நேரம். கேபிள் கார் இங்கேதான் இருக்கிறது. 2,500 மீட்டர் வரை கொண்டுபோய் விடும். அங்கிருந்து பெரிய சக்கர நான்கு சக்கர இழுவை வண்டிகள் இன்னும் மேலே கூட்டிப்போகும். பக்கத்திலேயே 1892 வெடிப்பில் உருவான சில்வெஸ்த்ரி எரிமலை வாய்கள். கார் நிறுத்தத்திலிருந்து நடந்தே போகலாம். கடைகள், கழிப்பறை, கூட்டம் எல்லாம் உண்டு. முதல் தடவை போகிறவர்கள், வயதானவர்களோடு போகிறவர்கள் இந்தப் பக்கத்தையே எடுங்கள். இதற்குத் தோதான ஒயினரிகள் நிகோலோஸி, த்ரெகஸ்தான்யி, வியாக்ராந்தே, ஸஃபெரானா, மீலோ ஊர்களைச் சுற்றி இருக்கும். மீலோ கிழக்குச் சரிவு. வெள்ளை ஒயினுக்குப் பேர்போன ஊர்.

வடக்குப் பக்கம்: பியானோ ப்ரொவென்ஸானா, சுமார் 1,800 மீட்டர். 2002 வெடிப்பில் இங்கிருந்த விடுதிகளையெல்லாம் எரிமலைக்குழம்பு விழுங்கிவிட்டது. பிறகு மறுபடி கட்டியிருக்கிறார்கள். கேபிள் கார் கிடையாது, பருவகாலத்தில் வண்டிகள் மேலே போகும். அமைதியான இடம், பைன் காடு. தஓர்மீனா ஊரில் தங்குகிறவர்களுக்கு இதுதான் பக்கம். கீழே இறங்கினால் லிங்குவாக்ளோஸா, கஸ்தில்யோனே தி சிசிலியா, ரந்தாட்ஸோ. எட்னாவின் பெயர்பெற்ற சிவப்பு ஒயின்கள் அதிகமும் இந்த வரிசை ஊர்களில்தான் பிறக்கின்றன.

என் கருத்தைக் கேட்டால், ஒயின் மேல் உண்மையிலேயே ஆர்வமுள்ளவர்கள் வடக்குக்குப் போங்கள். எரிமலைதான் முக்கியம், ஒயின் கூடுதல் இன்பம் என்பவர்கள் தெற்கிலேயே இருங்கள். இரண்டையும் பிடிக்கிறேன் என்று கிளம்பினால் இரண்டும் அரைகுறைதான்.

4. 'பிரைவேட்' என்ற சொல்லுக்குள் என்ன இருக்கிறது

பெரும்பாலும் காரும் ஓட்டுநரும் மட்டும்தான். மற்ற எல்லாவற்றையும் கேட்டு எழுத்தில் வாங்க வேண்டும். நான் கடைசியில் ஒரே மெயிலில் அனுப்பிய கேள்விகளை அப்படியே தருகிறேன்:

— வருபவர் ஓட்டுநரா, வழிகாட்டியா, இரண்டுமா? பாதையில் எங்களோடு நடந்து வருவாரா?
— மேல் பகுதிக்கு உரிமம் பெற்ற எரிமலை வழிகாட்டி உண்டா? அவர் எங்களுக்கு மட்டுமா, வேறு குழுவோடு சேர்த்தா?
— கேபிள் கார் டிக்கெட், மேல் வண்டி டிக்கெட், வண்டி நிறுத்தக் கட்டணம் சேர்த்தா, தனியா?
— எந்த ஒயினரி? பெயர் என்ன? எத்தனை வகை ஒயின்? சாப்பாடு முழு உணவா, சீஸும் ரொட்டியும் அடுக்கிய தட்டு மட்டுமா?
— டேஸ்டிங் மேசை எங்களுக்கு மட்டுமா?
— மொத்தம் எத்தனை மணி நேரம், மிஞ்சினால் மணிக்கு எவ்வளவு?
— கேபிள் கார் ஓடாவிட்டால் என்ன செய்வீர்கள், பணம் குறையுமா?

இரண்டாவது கேள்வி மிக முக்கியம். எட்னாவின் உச்சி வாய்களுக்கு நீங்களாக நடந்து போக முடியாது. எந்த உயரம்வரை தனியாகப் போகலாம், எங்கிருந்து வழிகாட்டி கட்டாயம் என்பதை எரிமலையின் நிலையைப் பார்த்து உள்ளூர் நிர்வாகம் ஆணை போடும். அது மாறிக்கொண்டே இருக்கும். உங்கள் ஓட்டுநர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் உரிமம் இல்லாமல் அந்த எல்லைக்கு மேல் உங்களை வழிநடத்த அவருக்கு அனுமதியில்லை. 'உச்சிக்கு அழைத்துப் போகிறோம்' என்று ஓட்டுநர் மட்டும் உள்ள டூரில் எழுதியிருந்தால் அதை நம்பாதீர்கள்.

காரைப் பற்றி ஒன்று. இத்தாலியில் ஓட்டுநரோடு காரை வாடகைக்கு விட என்சிசி என்ற தனி உரிமம் வேண்டும். உரிமமும் பயணிகளுக்கான காப்பீடும் இருக்கிறதா என்று தயங்காமல் கேளுங்கள். முறையாகத் தொழில் செய்பவர் கோபித்துக்கொள்ள மாட்டார். குழந்தைகள் 150 சென்டிமீட்டர் உயரத்துக்குக் குறைவாக இருந்தால் அவர்களுக்கான இருக்கையைக் கேட்டு வாங்குங்கள். ஓட்டுநரோடு வரும் வாடகைக் காருக்குச் சட்டத்தில் விலக்கு உண்டு என்பதால் அது தானாக வராமல் போகலாம். வயது, உயரம், எடை மூன்றையும் முன்கூட்டியே எழுதி அனுப்புங்கள். நம்மூர் வழக்கப்படி மடியில் வைத்துக்கொள்வது ஆபத்து.

நானே கார் எடுத்து ஓட்டிக்கொண்டு போகிறேனே என்பவர்களுக்கு: இந்திய உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வேண்டும். இரத்தத்தில் மது வரம்பு லிட்டருக்கு 0.5 கிராம், உரிமம் வாங்கி மூன்று ஆண்டு ஆகாதவர்களுக்குப் பூஜ்யம். டேஸ்டிங்குக்குப் போய்விட்டு கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி ஓட்டுவதா என்பதை வீட்டில் உள்ளவர்களிடம் கேட்டுப்பாருங்கள், பதில் வந்துவிடும். கத்தானியாவிலிருந்து சபியென்ஸாவுக்குக் காலையில் ஒரு பஸ் உண்டு, அதுவே மாலையில் திரும்பும். மலைக்கு அது மலிவான வழி. ஒயினரிக்கு உதவாது.

5. செலவை இப்படிக் கூட்டுங்கள்

ஆள் கணக்கில் வரும் செலவையும் வண்டிக் கணக்கில் வரும் செலவையும் தனித்தனியாக எழுதுங்கள். ஒருவர் போனாலும் நால்வர் போனாலும் காருக்கும் ஓட்டுநருக்கும் ஏறக்குறைய ஒரே பணம். ஆகவே இருவர் போனால் பிரைவேட் டூர் கையைக் கடிக்கும். நான்கு, ஐந்து பேரென்றால் வேனில் கூட்டத்தோடு போவதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. இருவர் மட்டுமென்றால் எட்டுப் பேர் வேன் டூரையே எடுங்கள், குறையொன்றுமில்லை.

கேபிள் கார் போகவர ஒருவருக்கு 50 யூரோவை ஒட்டி வரும். மேலே போகும் வண்டியும் வழிகாட்டியும் சேர்ந்தால் இன்னும் கணிசமாக ஏறும். நான்கு பேருக்கு இது மட்டுமே 200 யூரோவைத் தாண்டிவிடும் என்பதால்தான் 'டிக்கெட் சேர்த்தா' என்ற கேள்வியை விடக்கூடாது என்கிறேன். மலிவாகத் தெரிந்த ஒரு விலை, இந்த டிக்கெட்டைக் கூட்டியதும் மற்றவற்றை முந்திக்கொண்டு போனது.

கார்டு தேய்க்கும்போது இயந்திரம் ரூபாயிலா யூரோவிலா என்று கேட்டால் யூரோ என்று அழுத்துங்கள். ரூபாயைத் தொட்டால் அவர்கள் வைத்ததுதான் மாற்று விலை. கொஞ்சம் ரொக்கமும் வைத்திருங்கள். டிப்ஸ் கட்டாயமில்லை, நாள் முழுக்க நன்றாகப் பார்த்துக்கொண்டவருக்குக் கொடுத்தால் மகிழ்வார், கொடுக்காவிட்டால் முகம் சுளிக்க மாட்டார்.

6. ஒயினரிக்கு ஒரு வாரம் முன்பே சொல்ல வேண்டியவை

நம் ஆட்கள் அதிகம் இடறும் இடம் இதுதான். எட்னாவின் ஒயினரிகளில் பலவும் ஒரு குடும்பம் நடத்துகிற சின்ன இடங்கள். வந்து உட்கார்ந்து மெனு பார்த்துச் சொல்லும் ஓட்டல் இல்லை. அன்றைக்கு எத்தனை பேர் என்று கணக்கெடுத்துச் சமைப்பார்கள். வழக்கமாக வரும் தட்டில் பன்றி இறைச்சித் துண்டுகள் இருக்கும். போய் இறங்கிய பிறகு 'நான் வெஜிடேரியன்' என்றால் அந்தத் துண்டுகளை எடுத்துவிட்டு மிச்சத்தை வைப்பார்கள், அவ்வளவுதான்.

'வெஜிடேரியன்' என்று மட்டும் எழுதாதீர்கள். இறைச்சி இல்லை, மீன் இல்லை, முட்டை இல்லை என்று பிரித்து எழுதுங்கள். இத்தாலிய மொழியில் 'சென்ஸா கார்னே, சென்ஸா பெஷே, சென்ஸா உவோவா'. மீனைத் தனியாகச் சொல்லக் காரணம் நெத்திலி: சிசிலிச் சமையலில் அது கண்ணுக்குத் தெரியாமல் கரைந்து கிடக்கும். முட்டை சேராதவர்கள் பாஸ்தாவைப் பற்றியும் கேளுங்கள். கையால் செய்யும் வகைகளில் முட்டை சேர்ப்பது உண்டு, காய்ந்த பாஸ்தாவில் பொதுவாக இருக்காது. பெகொரீனோ போன்ற சீஸ்களைக் கன்று, ஆட்டுக்குட்டி வயிற்றிலிருந்து எடுக்கும் உறைபொருள் கொண்டே உறைய வைக்கிறார்கள். அது ஒத்துக்கொள்ளாதவர்கள் சீஸே வேண்டாம் என்று சொல்லிவிடுவதுதான் நிம்மதி.

இவ்வளவு சொன்னாலும் பயப்பட வேண்டாம். சைவத்துக்குச் சிசிலி தாராளமான ஊர். கத்தானியாவின் சொந்தப் பலகாரமே பாஸ்தா அல்லா நோர்மா: வறுத்த கத்தரிக்காய், தக்காளி, துளசி இனத்து இலை, மேலே உப்பிட்ட ரிக்கோத்தா சீஸ். கபொனாத்தா என்று கத்தரிக்காயை இனிப்பும் புளிப்புமாகக் கிளறி வைப்பார்கள், நம் கத்திரிக்காய்த் தொக்குக்கு ஒன்றுவிட்ட தங்கை. கேட்டால் செய்து தருவார்கள்.

குடிக்காதவர் யாராவது உங்களோடு வந்தால் அவருக்கு 'சாப்பாடு மட்டும்' விலை உண்டா என்று கேளுங்கள். கேட்காவிட்டால் டேஸ்டிங் பணத்தையும் சேர்த்தே போடுவார்கள். 18 வயது ஆகாதவர்களுக்கு ஒயின் கிடையாது. அவர்களுக்கும் தனி விலை கேளுங்கள்.

டேஸ்டிங் முறை தெரியாதே என்ற கூச்சம் வேண்டாம். வெள்ளை ஒயினில் தொடங்கி ரோஸே (இளஞ்சிவப்பு), சிவப்பு என்று போகும். வெள்ளை பெரும்பாலும் கரிக்காந்தே என்ற திராட்சை, சிவப்பு நெரெல்லோ மஸ்கலேஸே. அந்தச் சிவப்பு நிறத்தில் மெலிதாக இருக்கும், தண்ணியாக இருக்கிறதே என்று எண்ணாதீர்கள். வாயில் வைத்தால் பிடிப்புத் தெரியும். எட்னா தோக் (Etna DOC, ஒயின் பிறந்த இடத்தைக் குறிக்கும் முத்திரை) என்ற பெயரைப் போட்டு விற்க 1968 முதல் சட்டப்படி விதிகள் இருக்கின்றன. சுவைக்கும் பாட்டிலில் அது அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். ஊற்றியதையெல்லாம் குடித்து முடிக்க வேண்டியதில்லை. மேசையில் ஒரு பாத்திரம் இருக்கும், மிச்சத்தை அதில் ஊற்றலாம், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். மலையில் அலைந்து வெறும் வயிற்றோடு வந்திருப்பீர்கள். முதலில் ரொட்டியும் தண்ணீரும்.

பல்மெந்தோ என்ற பழைய கல் ஆலை இருக்கிறதா என்றும் கேட்டு வையுங்கள். திராட்சையைக் காலால் மிதித்துச் சாறெடுத்த இடம். பல ஒயினரிகளில் அதை அப்படியே வைத்திருக்கிறார்கள், கேட்டால்தான் காட்டுவார்கள்.

7. உடுப்பும் உடம்பும்

கத்தானியாவில் 35 டிகிரி கொதித்தாலும் மேலே காற்றோடு சேர்ந்து பத்துப் பன்னிரண்டு டிகிரிக்கு இறங்கிவிடும். காற்றுத் தடுக்கும் ஜாக்கெட், முழுக்கால் சட்டை, மூடிய ஷூ. செருப்போடு வந்து விழிப்பவர்களை அங்கே நிறையப் பார்க்கலாம். எரிமலைச் சரளை கண்ணாடித் துண்டு போலக் கிழிக்கும். புடவை, வேட்டி ஒயினரிப் புகைப்படத்துக்கு வேண்டுமானால் பையில் இருக்கட்டும். ஜாக்கெட்டும் ஷூவும் கேபிள் கார் நிலையத்தருகே வாடகைக்குக் கிடைக்கும். கண்ணில் சாம்பல் பறக்கும். கான்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள் அன்றைக்குக் கண்ணாடி அணிவது நல்லது. ஆஸ்துமா, இதயக் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் 2,500 மீட்டருக்கு மேல் போக வேண்டாம். சில்வெஸ்த்ரி வாய்களே அவர்களுக்குப் போதுமான காட்சி.

8. அன்றைய நேரம்

தெற்குப் பக்கத்துக்கான கணக்கு: காலை 8 மணிக்குக் கத்தானியாவில் காரில் ஏறினால் 9 மணிக்குக் கேபிள் கார் வரிசையில் நிற்கலாம். 10 மணிக்கு மேல் போனால் கோடையில் கூட்டம் அள்ளும், மேகமும் பெரும்பாலும் மதியத்தை நெருங்கத்தான் கூடும். மேலே இரண்டு, இரண்டரை மணி நேரம். 12 மணிக்குக் கீழே. சில்வெஸ்த்ரிக்கு அரை மணி. 1.15 மணிக்கு ஒயினரி. சாப்பாடும் டேஸ்டிங்கும் இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. 5 மணிக்குள் ஊர் திரும்பலாம்.

சாப்பாட்டு நேரத்தை 1.30 என்று பதிவு செய்யுங்கள். 12.30 என்று ஒப்புக்கொண்டால் மேலே நிற்கும்போது ஓட்டுநர் கைக்கடிகாரத்தைக் காட்டிக்கொண்டே இருப்பார். மாலை டூர் விற்கிறவர்கள் ஒயினரியை முன்னால் போட்டு மலையைப் பின்னால் வைப்பார்கள். குடித்துவிட்டு மலையேறுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

9. மலை மூடினால்

முந்தின நாள் இரவு இத்தாலிய எரிமலை ஆய்வு நிறுவனமான ஐஎன்ஜிவியின் கத்தானியா மைய இணையதளத்தில் அறிக்கையையும் கேமராப் படங்களையும் பாருங்கள். 2025 ஜூன் 2 அன்று தென்கிழக்கு வாயின் ஒரு பகுதி சரிந்து சாம்பல் மேகம் உருண்டு வந்தபோது சுற்றுலாப் பயணிகள் சரிவில் ஓடிய காட்சி உலகம் முழுக்கப் பரவியது. யாருக்கும் காயமில்லை. வழிகாட்டி திரும்பச் சொன்னால் செல்பியை விட்டுவிட்டுத் திரும்புங்கள்.

உச்சி மூடப்பட்டால் டூர் ரத்தாகாது, பாதை மாறும். பணமும் பெரும்பாலும் திரும்ப வராது. ஒப்பந்தத்தில் 'பாதை மாறலாம்' என்ற ஒரு வரி இருக்கும். அதனால் மாற்றுப் பாதையைப் பெயர் சொல்லி நீங்களே கேட்டு வாங்குங்கள். 1865 வெடிப்பில் உருவான மோந்தி சர்தோரியுஸ் எளிய நடை, சுற்றிலும் பூர்ச்ச மரங்கள். ஸ்கியேனா தெல்லாசினோ பாதையில் ஏறினால் வாலே தெல் போவே என்ற ராட்சதப் பள்ளம் முழுதாகத் தெரியும். பயன்படுத்தாத கேபிள் கார் டிக்கெட்டுக்கு மட்டும் பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள், இதில் தகராறு வருவதற்கு வாய்ப்பு அதிகம்.

10. பாட்டில் வாங்கினால்

கைப்பையை நம்பாதீர்கள், பல விமான நிலையங்களில் 100 மில்லி வரம்பு உண்டு. சரக்குப் பெட்டியில்தான் போக வேண்டும். ஒயினரியிலேயே காற்றுக் குமிழ் உறை கேளுங்கள், தருவார்கள். இந்தியாவுக்குள் ஒருவர் 2 லிட்டர் மதுவரை சுங்கம் கட்டாமல் கொண்டுவரலாம். அதாவது 750 மில்லி பாட்டில் இரண்டு. மூன்றாவது பாட்டிலில் வரம்பு தாண்டிவிடும், அதற்குமேல் வரி மிகக் கடுமை. ஒயினரியிலிருந்து வீட்டுக்கே அனுப்புகிறோம் என்பார்கள். ஐரோப்பாவுக்குள் இருப்பவர்களுக்கு அது சரி, இந்திய முகவரிக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். ரசீதை மட்டும் பெட்டியில் போடாமல் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.